ஷாக் அப்சார்பர் உள்ளூரா, வெளிநாடா? பின் சீட்ல உட்கார்றவங்களை வச்சு முடிவு பண்ணுங்க



இன்னைக்கு சுகர் இல்ல, பிரஷர் இல்ல. மோட்டார் பைக்கோட ஷாக் அப்சார்பரைப் பத்திப் பேசப் போறேன். "எம்பிபிஎஸ் படிச்சவருக்கு எதுக்கு மெக்கானிக் வேலை?"ன்னு கேட்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. இழை நீளம்தான். ஆனா பாதி தூரம் முதுகெலும்பு வழியாத்தான் போகப் போறோம்.

கூடங்குளம் பக்கத்து அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எனக்கு ஓபியில அடிக்கடி வர்ற கேள்விகள்ல இதுவும் ஒண்ணு. அணுமின் நிலையத்துல ஒப்பந்த வேலை பார்க்கிற தம்பிகள் நிறைய பேர் இங்க இருக்காங்க. கையில முதல் சம்பளம் வந்ததும் பெரிய வண்டி. வண்டி வந்த ஆறாவது மாசம், "சார், நீங்களும் புல்லட்தானே ஓட்டுறீங்க, பின்னாடி ஷாக்கை மாத்தணும். வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாமா, இல்ல நாகர்கோவில்லயே வாங்கிறலாமா?"

இந்தக் கேள்விக்கு நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி: "பின்னாடி யாரு உட்காருவா?"

ஏன் அப்படிக் கேட்கிறேன்னு சொல்ல ஒரு ஆச்சியோட கதையைச் சொல்லணும். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.

ராதாபுரம் பக்கத்து ஊர். வயசு அறுபத்தாறு. மகன் வண்டியில பின்னாடி ஒரு பக்கமா காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து உவரி கோயிலுக்குப் போயிருக்காங்க. போற வழியில ஒரு வேகத்தடை. மகன் கவனிச்சான், பிரேக்கும் போட்டான், ஆனா முழுசா வேகம் குறையல. வண்டி ஏறி இறங்கிச்சு. யாரும் கீழ விழல. ஒரு சிராய்ப்பு கூட இல்ல.

"யய்யா, மொதுகுக்குள்ள 'கடக்'குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுய்யா. அம்புட்டுத்தான்."

அதுக்கப்புறம் மூணு வாரம். பிடிப்புன்னு தைலம் தேய்ச்சாங்க. விலாவைச் சுத்தி வலி வந்ததால வாயுன்னு பூண்டு வறுத்துக் கொடுத்தாங்க. மெடிக்கல் கடையில மாத்திரை வாங்கிப் போட்டாங்க. படுத்தா குறையும், எழுந்து நின்னா உயிர் போகும். எங்க கிட்ட வரும்போது ஆச்சி குனிஞ்ச வாக்குல நடந்து வந்தாங்க. பக்கவாட்டுல ஒரு எக்ஸ்ரே எடுத்தோம். எல்1 முள்ளெலும்பு, அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு முடிஞ்சு இடுப்புப் பகுதி ஆரம்பிக்கிற இடத்துல இருக்கிற எலும்பு, முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது.

இது அபூர்வமான கேஸ்னு நினைச்சுறாதீங்க. மாதவிடாய் நின்ன பிறகு பெண்களுக்கு எலும்போட அடர்த்தி வேகமா குறையும். வெளிய பார்க்க எலும்பு அப்படியேதான் இருக்கும், உள்ள கரையான் அரிச்ச உத்திரம் மாதிரி. வலியே இருக்காது. அந்த எலும்பு மேல உட்கார்ந்த நிலையில ஒரு குத்து விழுந்தா போதும். டி12, எல்1, இந்த ரெண்டும்தான் பெரும்பாலும் அடி வாங்கும். விறைப்பா இருக்கிற நெஞ்சுப் பகுதியும் வளைஞ்சு கொடுக்கிற இடுப்புப் பகுதியும் சந்திக்கிற முனை அது.

சரி, வண்டியில முன்னாடி உட்கார்ந்திருந்த மகனுக்கு ஒண்ணும் ஆகல. ஆச்சிக்கு மட்டும் ஏன்? வயசு மட்டும் காரணம் இல்ல.

ஓட்டுறவர் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கார். மேடு வர்றது அவருக்குத் தெரியும். கை ஹேண்டில்பார்ல, கால் ஃபுட்ரெஸ்ட்ல. நம்மளை அறியாமலே அந்த நொடியில காலை ஊன்றி லேசா எழுந்துருவோம். முழங்காலே ஒரு ஷாக் அப்சார்பர் ஆயிரும். பின்னாடி உட்கார்ந்த ஆச்சி கிட்டத்தட்ட பின் சக்கரத்து அச்சுக்கு மேலயே இருக்காங்க. சக்கரம் எவ்வளவு எழும்புதோ, கிட்டத்தட்ட அவ்வளவும் அவங்களுக்கு. மேடு வர்றது தெரியாது, மகன் முதுகு மறைக்குது. ஒரு பக்கமா உட்கார்ந்தா ரெண்டு காலையும் ஊன்றி எழவும் முடியாது. அப்போ சக்கரத்துக்கும் ஆச்சியோட எல்1 எலும்புக்கும் நடுவுல இருக்கிற ஒரே மெத்தை, பின்பக்க ஷாக் அப்சார்பர்தான்.

2021ல ஆப்பிள் கம்பெனி ஒரு அறிவிப்பு போட்டாங்க, ஞாபகம் இருக்கா? பெரிய இன்ஜின் மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பார்ல ஐபோனை மாட்டாதீங்க, அதிர்வுல கேமரா பாதிக்கப்படலாம்னு. அதைப் படிச்சுட்டு அதிர்வு தாங்குற போன் ஹோல்டர் வாங்கின தம்பிகளை எனக்குத் தெரியும். பின் சீட்டுக்கு அந்த மாதிரி அறிவிப்பு எதையும் நான் பார்த்ததில்ல.

இனி அந்த மகனோட கதை. அவர் வண்டியில பின் ஷாக் ரெண்டுல ஒண்ணு எண்ணெய் கசிஞ்சு மாசக்கணக்காச்சு. அவருக்கும் அது தெரியும். சும்மாவும் இருக்கல. வெளிநாட்டு இணையதளம் ஒண்ணுல நல்ல விலையுள்ள ஜோடி ஒண்ணு ஆர்டர் போட்டுட்டுத்தான் காத்திருந்தார். சரக்கு வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிருச்சு. முதல்ல அனுப்புறதுக்கே தாமதம், அப்புறம் சுங்கத்துல ஆவணம் கேட்டு நின்னுச்சு. "நல்ல சாமான்தான் வரப்போகுதே, இப்ப எதுக்கு ஊர் சாமானுக்குக் காசு போடணும்"னு அந்த ரெண்டு மாசமும் கசிஞ்ச ஷாக்லயே ஓட்டியிருக்கார். உவரிப் பயணம் அந்த ரெண்டு மாசத்துக்குள்ள நடந்தது.

ஆச்சியை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, எலும்பு மருத்துவர் பார்த்து, பெல்ட் போட்டு, மருந்து ஆரம்பிச்சு, திரும்ப எங்ககிட்ட வந்தாங்க. அப்போ மகன் கேட்டார்: "சார், புது ஷாக் வந்துருச்சு. மாட்டியாச்சு. இனிமே அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?"

அந்தப் பெட்டியில ஒட்டியிருந்த சீட்டை போன்ல காட்டினார். அதுல ஸ்பிரிங் எந்த எடைக்குன்னு போட்டிருந்தது. ஒரே ஆள், எழுபத்தஞ்சு கிலோ சுத்து.

மகன் எண்பத்திரெண்டு கிலோ. ஆச்சி ஐம்பத்தெட்டு. இது போக, பின்னால ஒரு பை.

இங்கதான் விஷயமே இருக்கு.

ஷாக் அப்சார்பர்ல ரெண்டு சமாச்சாரம். ஒண்ணு ஸ்பிரிங், எடையைத் தாங்குறது அதுதான். இன்னொண்ணு உள்ள இருக்கிற எண்ணெயும் சின்னத் துளைகளும். ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது எண்ணெய் அந்தத் துளை வழியா நெருக்கிக்கிட்டுப் போகும். குதிக்கிற சக்தி சூடா மாறி அடங்கும். எண்ணெய் கசிஞ்சுபோன ஷாக்ல ஸ்பிரிங் மட்டும்தான் மிச்சம். குழந்தைங்க ஆடுற ஸ்பிரிங் குதிரை மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும். டயர் ரோட்டை விட்டு விட்டுத் தொடும், பிரேக் பிடிச்சா நிக்கிற தூரமும் கூடும்.

ஸ்பிரிங் எடைக்குக் கம்மியா இருந்தா? ஆள் உட்கார்ந்த உடனே பாதி தூரம் அமுங்கிரும். மேட்டுல ஏறும்போது மிச்ச தூரமும் தீர்ந்து இரும்பு இரும்போட மோதுற மாதிரி 'டங்'குன்னு ஒரு குத்து வரும். ஆச்சியோட எலும்பை நசுக்குறது அந்தக் கடைசிக் குத்துதான். சரி, எடைக்கு அதிகமா இருந்தா? அமுங்கவே அமுங்காது. ரோட்டுல உள்ள ஒவ்வொரு கல்லும் நேரா முதுகுக்கு வரும். ரெண்டுமே தப்பு. எந்த நாட்டுல செஞ்சதுங்கிற கேள்வி இந்தக் கணக்குக்குள்ள வரவே இல்ல, பாருங்க.

எங்க துறையில இருந்து ஒரு உதாரணம் சொல்றேன். கண்புரை ஆபரேஷன்ல உள்ள வைக்கிற லென்ஸ் ஒரு காலத்துல வெளிநாட்டுல இருந்துதான் வரணும், சாதாரண சனத்துக்கு எட்டாத விலை. 1992ல மதுரையில அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவங்க ஆரோலேப் ஆரம்பிச்சு, அந்த லென்ஸை இங்கயே செஞ்சு, விலையை அடியோட இறக்கினாங்க. இன்னைக்கு நூறு நாட்டுக்கு மேல ஏற்றுமதி ஆகுது. உங்க வீட்டு ஆச்சி கண்ணுல இருக்கிறதும் மதுரை லென்ஸா இருக்கலாம். ஆனா லென்ஸ் மதுரையோ, அமெரிக்காவோ, வைக்கிறதுக்கு முன்னாடி கண்ணோட நீளத்தை அளந்து பவர் கணக்குப் போடுவாங்க. அந்தக் கணக்கு தப்பினா உலகத்துலயே விலை கூடுன லென்ஸும் மங்கலாத்தான் தெரியும். ஸ்பிரிங்குக்கும் அதே கதைதான். அளக்காம வாங்கினா வீண்.

"அப்போ உள்ளூர் சாமான் தரம் ஓகேவா சார்?"

முதல்ல உள்ளூர்னா என்னன்னு பார்ப்போம். கேப்ரியல் இந்தியா 1961ல இருந்து ஷாக் அப்சார்பர் செய்றாங்க. நம்ம ஓசூர்லயே அவங்க ஆலை இருக்கு. முஞ்சால் ஷோவாங்கிற கம்பெனி 1985ல ஜப்பான் ஷோவாவோட தொழில்நுட்பத்துல ஹரியானாவுல ஆரம்பிச்சது. மகாராஷ்டிரா எண்டூரன்ஸும் பெரிய கை. நம்ம ரோட்டுல ஓடுற வண்டிகள்ல ஏகப்பட்டது பிறந்தப்பவே இந்த மாதிரிக் கம்பெனி ஷாக்கோடதான் பிறந்திருக்கும். ஆகவே "உள்ளூர் சாமான் மட்டம்"னு சொல்றவர், தான் ஷோரூம்ல வாங்கி அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டின வண்டியைத்தான் திட்டிக்கிட்டு இருக்கார்.

மட்டமான உள்ளூர் சாமான் இருக்கவே இருக்கு. அது வேற ரகம். கம்பெனி பெயரை ஓரெழுத்து மாத்திப் போட்ட பெட்டி, பில் கிடையாது, பாகத்தோட எண் கிடையாது, "அதே சாமான்தான் அண்ணாச்சி, பெட்டி மட்டும்தான் வேற"ங்கிற வசனம். அந்த வசனத்தைக் கேட்ட உடனே கடையை விட்டு இறங்கிருங்க. வண்டி மேனுவல்ல, இல்லைன்னா சர்வீஸ் சென்டர்ல பாகத்தோட எண்ணை வாங்கி, ஜிஎஸ்டி பில்லோட வாங்குங்க.

அடுத்து, இறக்குமதி விலை. இதுல நிறைய பேர் ஏமாறுறது இணையதளத்துல போட்டிருக்கிற விலையை மட்டும் பார்த்து. சுங்கவரி சாமான் விலைக்கு மட்டும் இல்ல, அனுப்புற கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த மொத்தத்துக்கு. அந்த வரி மேல பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. இது எல்லாத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மேல ஜிஎஸ்டி. வரிக்கு மேல வரி.

கணக்குப் போடுவோம். ஷாக் 20,000 ரூபாய், அனுப்புற கூலியும் இன்ஷூரன்ஸும் 4,000. ஆக 24,000. சுங்கவரி 15 சதவீதம்னு வச்சுக்கிட்டா 3,600. அது மேல கூடுதல் வரி 360. கூட்டினா 27,960. அது மேல 18 சதவீத ஜிஎஸ்டி 5,033. மொத்தம் கிட்டத்தட்ட 33,000. கூரியர்காரங்க சுங்க வேலைக்கு வாங்குற கட்டணம் தனி. 2025 செப்டம்பர் 22க்கு முன்னாடி வண்டி உதிரிபாகத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது, அப்போ இதே சாமான் 35,800ஐத் தொட்டிருக்கும். நான் போட்ட 15 சதவீதம் உதாரணத்துக்குத்தான். சரக்கு எந்தத் தலைப்புல, எந்த வழியில வருதுங்கிறதைப் பொறுத்து சுங்கவரி மாறும், பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். ஆர்டர் போடுற அன்னைக்கு விசாரிங்க. "நண்பன் கிஃப்டா அனுப்புறான், வரி வராது"ங்கிற பழைய யோசனையையும் விட்டுருங்க. அந்தச் சலுகையை 2019 டிசம்பர்லயே பெருமளவு நிறுத்திட்டாங்க.

காசு கூட பரவாயில்ல, காத்திருப்புதான் பெரிய செலவு. கூடங்குளத்துக்காரங்களுக்கு இதை விளக்கணுமா என்ன! எங்க ஊர் உலைக்கு 1988ல சோவியத்தோட ஒப்பந்தம் போட்டாங்க. முதல் மின்சாரம் வந்தது 2013 அக்டோபர்ல. நடுவுல ஒரு நாடே இல்லாம போச்சு. 2023 செப்டம்பர்ல புது உலைகளுக்கு நீராவி உருவாக்கும் கலன்களை ஏத்திக்கிட்டு தூத்துக்குடியில இருந்து வந்த மிதவை, இந்தக் கரைக்கு வந்து சேர்ற நேரத்துல பாறையில மாட்டிக்கிச்சு. ரஷ்யாவுல இருந்து கடல் தாண்டி வந்த சரக்கு, கண்ணுக்குத் தெரியுற தூரத்துல நாள் கணக்கா நின்னதை ஊரே கரையில நின்னு பார்த்துச்சு. அரசாங்கத்து சரக்குக்கே அந்த நிலைமைன்னா உங்க ஷாக் எம்மாத்திரம்?

அதனால வெளிநாட்டு சாமான் வர்ற வரைக்கும் பழுதான ஷாக்கோட ஓட்டலாம்ங்கிற திட்டம் மட்டும் வேண்டாம். காத்திருக்கிற காலத்துக்குக் கம்பெனி ஷாக் ஒரு ஜோடியைப் போட்டுட்டுக் காத்திருங்க. அந்தச் செலவை இறக்குமதிச் செலவுலயே சேர்த்துக் கணக்குப் பாருங்க. அப்பவும் கட்டுப்படியானா வாங்குங்க.

இறக்குமதியே கூடாதுன்னு நான் சொல்லல. ஸ்வீடன் ஓலின்ஸ் மாதிரி கம்பெனிகள் 1976ல இருந்து இதே வேலையா இருக்காங்க. அவங்க சாமான்ல எண்ணெய் மாத்தலாம், சீல் மாத்தலாம், ஸ்பிரிங்கைத் தனியா மாத்தலாம், அமுங்குற வேகத்தையும் விரியுற வேகத்தையும் தனித்தனியா திருகலாம். தாய்லாந்துல செய்ற ஒய்எஸ்எஸ் நம்ம ஊர் வண்டிகளுக்கே ரகம் வச்சிருக்காங்க. தினம் நூறு கிலோமீட்டர் ஓட்டுறவர், லடாக் போறவர், நூற்றுப் பத்து கிலோ எடை உள்ளவர், இவங்களுக்கு அந்த வித்தியாசம் நிஜமாவே தெரியும். நிறுத்தப்பட்ட பழைய வண்டி வச்சிருக்கவங்களுக்கு சில சமயம் வேற வழியும் இருக்காது. ஆனா வாங்கினா இந்தியாவுல அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் இருக்கிற கம்பெனியைப் பாருங்க. ஆர்டர் போடும்போது உங்க எடையையும், பின் சீட்டு எடையையும், எத்தனை நாள் ரெண்டு பேராப் போவீங்கங்கிறதையும் கேட்பாங்க. கேட்கலைன்னா நீங்களே சொல்லுங்க. அதுக்கும் பதில் வரலைன்னா அந்தக் கடை வேண்டாம். சீல் போனா யார் மாத்துவா, எங்க அனுப்பணும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. திருப்பி அனுப்புற கூலியிலயே கம்பெனி ஷாக் ஒரு ஜோடி வந்துரும்.

இனி எந்த ஷாக்கா இருந்தாலும் வீட்லயே அளக்கிற வழி. பிரஷர் பார்க்கிற மாதிரிதான், மூணு பேரும் ஒரு டேப்பும் போதும்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி பின் சக்கரம் தரையைத் தொடாம வச்சுக்கோங்க. சக்கர அச்சுல இருந்து நேர் மேல, சீட்டுக்குக் கீழ ஒரு இடத்துல அடையாளம் வச்சு அளங்க. 600 மில்லிமீட்டர்னு வச்சுக்குவோம். இப்போ வண்டியை இறக்கி, நீங்க உட்கார்ந்து, வழக்கமா பின்னாடி உட்கார்றவங்களையும் உட்கார வச்சு, மூணாவது ஆளை அளக்கச் சொல்லுங்க. 566ன்னா 34 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கு. உங்க வண்டி மேனுவல்ல பின் சக்கர அசைவு 100ன்னு போட்டிருந்தா, மூணுல ஒரு பங்கு போயிருக்கு, மூணுல ரெண்டு பங்கு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மிச்சம் இருக்கு. இது நல்ல அளவு. 545ன்னு வந்தா பாதிக்கு மேல போயாச்சு. அந்த வண்டியில ஆச்சியை ஏத்தாதீங்க.

பெரும்பாலான ரெட்டை ஷாக் வண்டிகள்ல கீழ படிப்படியா வெட்டின வளையம் இருக்கும். சி வடிவ ஸ்பேனர் வச்சுத் திருப்பினா ஸ்பிரிங் இறுகி வண்டி கொஞ்சம் உயரும். டூல் கிட்ல கிடக்கும், நிறைய பேர் அது எதுக்குன்னே தெரியாம தூக்கிப் போட்டுருப்பீங்க. உளியும் சுத்தியலும் வச்சுத் தட்டாதீங்க. ரெண்டு பக்கமும் ஒரே படியில இருக்கணும். ஒண்ணைப் புரிஞ்சுக்கோங்க: இந்த வளையம் வண்டியோட உயரத்தைச் சரி செய்யும், ஸ்பிரிங்கோட பலத்தைக் கூட்டாது. கடைசிப் படியிலயும் அளவு வரலைன்னா ஸ்பிரிங்கே உங்க எடைக்கு இல்லைன்னு அர்த்தம். அந்த மகன் வண்டியில அதுதான் நடந்தது. இங்க உள்ள விநியோகஸ்தர் மூலமா பலமான ஸ்பிரிங் தனியா வாங்கிப் போட்டதுக்கப்புறம்தான் அளவு வந்தது. வெளிநாட்டு உடம்பு, உள்ளூர்ல வாங்குன ஸ்பிரிங்!

டிவிஎஸ் எக்ஸெல்ல ஐஸ் பெட்டி கட்டி மீன் விக்கிற இடிந்தகரை அண்ணாச்சிகளைப் பாருங்க. பெட்டி ஏத்துற நாளுக்கும் குடும்பத்தோட போற நாளுக்கும் என்ன வித்தியாசம்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். எடையை முதல்ல பார்க்கிற ஆளுங்க அவங்கதான்.

கடலோரத்துக்காரங்களுக்கு இன்னொரு தனிப் பிரச்சினை இருக்கு. அது முன்பக்கம். முன் ஃபோர்க்கோட பளபளக்கிற குழாய் மேல குரோம் பூச்சு இருக்கு. உப்புக் காத்து பட்டுப் பட்டு அதுல ஊசிமுனை அளவு துரு குழிகள் விழும். குழாய் மேலும் கீழும் போகும்போது அந்தக் குழி ரப்பர் சீலை ரம்பம் மாதிரி அறுக்கும். எண்ணெய் கசியும். சிலருக்கு சீல் மாத்தின ரெண்டாம் மாசமே திரும்பக் கசியுது, "டூப்ளிகேட் சீல் போட்டுட்டான்"னு மெக்கானிக்கைத் திட்டுறாங்க. நகத்தை வச்சு குழாய் மேல தடவிப் பாருங்க. நகம் எங்கயாவது தட்டினா குழாய்தான் குற்றவாளி. அதுக்கு ஜப்பான் சீல் போட்டாலும் அறுக்கத்தான் செய்யும். கசியுற எண்ணெய் முன் பிரேக் டிஸ்க்ல வழிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. கடற்கரைக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, குழாயை மெல்லிய துணியால துடைச்சு விடுங்க. மணல் ஒட்டின துணி வேண்டாம். ஃபோர்க்குக்கு ஃபோர்க் ஆயில்தான். இன்ஜின் ஆயிலை ஊத்திட்டு "ரெண்டும் எண்ணெய்தானே"ன்னு சொன்னா, குளுக்கோஸும் கருப்பட்டித் தண்ணியும் ஒண்ணுதானேன்னு நான் கேட்பேன்.

எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் ஒரு எல்லை இருக்கு மக்களே. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி, 25 கிலோமீட்டர் வேகத்துக்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கணும். அதாவது சின்ன மேடு, நீளமா, யானை முதுகு மாதிரி. நம்ம தெருக்கள்ல இருக்கிறது என்ன? ராவோட ராவா ஊர்க்காரங்க போட்ட, ஒரு முழம் அகலத்துல ஒட்டகத் திமில் மாதிரி சிமெண்ட் மேடு. அதுல 20ல ஏறுறதுக்கும் 40ல ஏறுறதுக்கும் நடுவுல குத்துற சக்தி ஏறக்குறைய நாலு மடங்கு கூடும். எந்த நாட்டு ஷாக்கும் அதை முழுசா விழுங்காது. நடக்கிற வேகத்துக்கு இறக்குங்க. "ஆச்சி, மேடு வருது, பிடிச்சுக்கோங்க"ன்னு சத்தமாச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடிஞ்சவங்க அப்படி உட்காரட்டும். ஏற்கனவே கூன் விழுந்தவங்க, உயரம் குறைஞ்சவங்க, கீழ விழுந்து மணிக்கட்டோ இடுப்போ ஒடிஞ்சவங்க, நாள்பட ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறவங்க, இவங்களை பஸ்லயோ ஆட்டோவுலயோ கூட்டிட்டுப் போங்க. பஸ்ல பின் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற கடைசி சீட்டு வேண்டாம், நடுவுல உட்கார வைங்க.

அம்பது வயசைத் தாண்டினவங்களுக்கு, வண்டி குதிச்சதுக்கப்புறம் முதுகுல புதுசா வலி, நின்னா கூடுது, படுத்தா குறையுது, விலாவைச் சுத்தி வருதுன்னா, தைலத்தை வச்சிட்டு ஒரு எக்ஸ்ரே எடுங்க. அரசு மருத்துவமனையில எடுக்கலாம். முதுகை உருவி விடுறது, மிதிச்சு விடுறது, நெட்டி முறிக்கிறது எதுவும் கூடாது. கால் மரத்துப் போறது, கால்ல பலம் குறையுறது, சிறுநீர் போக முடியாம அடைக்கிறது அல்லது தன்னால போறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே, அந்த மணி நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. படுக்க வச்சு, ஆம்புலன்ஸ்ல. 108க்குக் கூப்பிடுங்க.

எலும்பு முறிஞ்சிருந்தா வலிக்கு மருந்து, பெல்ட், கொஞ்ச நாள் ஓய்வு, அதுக்கப்புறம் நடை. அதோட நிறுத்திறக் கூடாது. அடுத்த எலும்பு ஒடியாம இருக்க கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்தியைக் காக்கிற மாத்திரை, இதை எலும்பு மருத்துவர் சொல்ற காலம் வரைக்கும் எடுக்கணும். வலி போனதும் மாத்திரையை நிறுத்துறவங்கதான் ரெண்டாவது முறிவோட வர்றாங்க.

கடைசியா, "சார், உங்க வண்டியில என்ன ஷாக்?"னு எப்படியும் கேட்பீங்க. ஷோரூம்ல வந்த அதே ரகம், ஒரு தடவை ஜோடியா மாத்தினது. நாகர்கோவில்ல பில் போட்டு வாங்கினேன். நான் தனியா போற நாள்ல ரெண்டாவது படி. அம்மா உட்கார்ற நாள்ல நாலாவது படி. சி ஸ்பேனர் சீட்டுக்கு அடியிலயே கிடக்கு, திருப்ப ரெண்டு நிமிஷம் ஆகுது.